ஈர மண்ணைப் படிக்கும் அலகு

ஓசூர்ப் பக்கத்துப் பாகலூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கோஸ், தக்காளி, கொத்தமல்லி வயல்கள். இடையிடையே ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகள். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, மறுநாள் டிராக்டர் இறங்கும்போது பறவைகள் கூடிவிடும். உண்ணிக்கொக்குகள் சக்கரத்தை ஒட்டியே ஓடும். மைனாக்கள் புரண்ட மண்கட்டியின் மேல் தாவும். இவற்றுக்குச் சற்றுத் தள்ளி, உழவு ஓடிப்போன சாலில், ஒரு பெரிய பறவை நிதானமாக நடந்துகொண்டிருக்கும். வெள்ளை உடல். தலையிலும் கழுத்திலும் இறகே இல்லாத கரிய தோல். கீழ்நோக்கி வளைந்த தடித்த கரிய அலகு. அந்த அலகை மண்ணில் விட்டு எடுப்பதும், ஓரடி வைப்பதும், மறுபடி விடுவதுமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அரிவாள் மூக்கன் என்பது அதன் பெயர். ஊரில் பெரும்பாலோர் இதையும் கொக்கு என்றே சொல்வார்கள். ஆனால் இரண்டும் பிழைக்கும் வழி வேறு. கொக்கு கண்ணை நம்பி வாழ்கிறது. அசையாமல் நின்று, நீருக்குள் மீன் அசைவதைப் பார்த்து, மடித்து வைத்த கழுத்தை ஈட்டிபோல் நீட்டிக் குத்துகிறது. பறக்கும்போதும் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் பறக்கும். அரிவாள் மூக்கனோ கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும். நிலத்தில் இறங்கினால் நின்று காத்திருக்காது, நடந்துகொண்டே தேடும். இரை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற கட்டாயமும் அதற்கில்லை. அதன் நெருங்கிய உறவு கொக்கு அல்ல, அலகின் நுனி தட்டையாக விரிந்த கரண்டிவாயன்.

தமிழ்நாட்டில் மூன்று வகை அரிவாள் மூக்கன்கள் உண்டு. மேலே சொன்னது வெள்ளை அரிவாள் மூக்கன். கருப்பு அரிவாள் மூக்கன் ஈரம் குறைந்த தரிசிலும் மேயும். தோளில் ஒரு வெள்ளைத் திட்டு, உச்சந்தலையில் சிவந்த பருக்கள் கூடிய முக்கோணம். மூன்றாவதான பழுப்பு அரிவாள் மூக்கன் அளவில் சிறியது. வெயில் பட்டால் அதன் கரும்பழுப்பு இறகில் பச்சையும் ஊதாவும் மின்னும். இந்த மூன்றில் வெள்ளையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பழைய எகிப்தில் தெய்வமாக வணங்கப்பட்ட பறவையின் உடன்பிறப்பு என்றே அதைச் சொல்லலாம். ஆப்பிரிக்கப் புனித அரிவாள் மூக்கனும் நம்முடையதும் ஒரே பேரினம். அருகருகே நிறுத்தினால் பழகிய கண்ணுக்குத்தான் வேறுபாடு தெரியும். இரண்டையும் ஒரே இனமாக வைத்த பறவையியலாளர்களும் இருந்தார்கள்.

வெள்ளை அரிவாள் மூக்கனின் அலகு ஏறத்தாழ முக்கால் சாண் நீளம். வெளியிலிருந்து பார்த்தால் உணர்ச்சியற்ற கொம்பு போல் இருக்கும். மேல்தோலை நீக்கி, நுனி எலும்பை உருப்பெருக்கியில் வைத்தால், எலும்பு முழுக்கச் சிறு சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் என்ற நரம்பு முனைகள் கொத்தாக அடைந்திருக்கின்றன. அழுத்தம் மாறுவதையும் அதிர்வையும் உணர்வது இவற்றின் வேலை. மண்ணுக்குள் ஒரு புழு நெளிந்தால் அதைச் சுற்றியுள்ள ஈர மண் மிக மிகக் குறைவாக அதிரும். அலகு புழுவின் மேல் படவேண்டியதில்லை. பக்கத்தில் இறங்கினாலே போதும், எந்தப் பக்கம் இரை இருக்கிறது என்று பறவைக்குத் தெரிந்துவிடும். தொலைவிலிருந்தே தொடும் உணர்வு என்று உயிரியலாளர்கள் இதை வகைப்படுத்துகிறார்கள். நியூசிலாந்தின் கிவி, கடற்கரைச் சேற்றில் மேயும் உள்ளான்கள், அரிவாள் மூக்கன்கள் ஆகிய மூன்று பறவைக் குழுக்களில் இது தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது.

2010இல் பறவை ஆய்வாளர் சூசன் கன்னிங்ஹாமும் அவருடன் பணியாற்றியவர்களும் பல அரிவாள் மூக்கன் இனங்களின் அலகுகளை ஒப்பிட்டார்கள். எல்லாவற்றிலும் இந்தக் குழிகள் இருந்தன. ஆனால் எந்த நிலத்தில் மேய்கிறதோ அதற்கேற்பக் குழிகளின் பரப்பும் நரம்பு முனைகளின் அளவும் மாறின. பின்னர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில், நகரப் புல்வெளிகளில் உரத்த குரலெழுப்பித் திரியும் ஹடீடா அரிவாள் மூக்கனை வைத்துச் சோதனை செய்தார்கள். இரையின் மணம், ஓசை போன்ற பிற தடயங்களை மறைத்துவிட்டு, மண்ணுக்குள் புதைந்த புழுவைப் பறவை கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தார்கள். அதிர்வை மட்டும் வைத்தே அது கண்டுபிடித்தது. அந்தச் சோதனையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு முடிவு: மண் நனைந்திருக்கும்போது பறவைக்கு இரை எளிதில் சிக்கியது, காய்ந்த மண்ணில் தடுமாறியது. ஈர மண் அதிர்வைக் கடத்துகிறது. காய்ந்த மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருப்பதால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடுகிறது.

ஆகவே இந்தப் பறவைக்கு ஈரம் என்பது தாகம் தீர்க்கும் பொருள் மட்டுமல்ல. ஆந்தைக்கு நிலவொளி எப்படியோ, இதற்கு மண்ணின் ஈரம் அப்படி. நிலம் காய்ந்தால் உலகமே இருண்டுவிடுகிறது.

அலகின் வளைவும் வீணாக வந்ததில்லை. நண்டு வளையும் மண்புழு வளையும் நேர்க்கோட்டில் போவதில்லை. வளைந்த அலகைச் செருகிவிட்டுத் தலையை லேசாகத் திருப்பினால், அலகின் முனை மண்ணுக்குள் வேறொரு திசையைத் துழாவும். உடலை நகர்த்தாமலே ஒரே துளையிலிருந்து சுற்றிலும் தேடிவிடலாம். தலையில் இறகு இல்லாததும் சேற்றுக்குள் முகம் புதைத்து வாழும் பிழைப்போடு பொருந்துகிறது. இந்த அலகு நுனி உறுப்பு எவ்வளவு பழையது என்பதையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அழிந்துபோன லித்தோர்னிதிட் என்ற பறவைக் குடும்பத்தின் புதைபடிவ அலகுகளில் இதே போன்ற குழிகள் இருப்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்திலேயே பறவைகள் மண்ணுக்குள் அதிர்வைத் தேடத் தொடங்கிவிட்டன என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. உணவை மேலிருந்தே கொத்தித் தின்னும் தீக்கோழிக்கும் ஈமுவுக்கும்கூட அந்த உறுப்பின் மிச்சம் அலகில் இருக்கிறது.

இப்போது நைல் நதிக்குப் போகலாம். நம்மூரில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்களில் எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழைதான் நைலின் வெள்ளம். அந்தக் காலத்தில் ஜூலையில் நீர் ஏறத் தொடங்கும். பள்ளத்தாக்கு முழுவதும் பரவி, இரண்டு மூன்று மாதம் நின்று, பிறகு வடியும். வடிந்த இடத்தில் கரிய வண்டல். எகிப்தின் உழவு முழுவதும் அந்த வண்டலில் நடந்தது. வரப்பும் எல்லைக்கல்லும் வெள்ளத்தோடு போய்விடும் என்பதால், நீர் வடிந்ததும் எழுத்தர்கள் கயிற்றோடு வந்து நிலத்தை மறுபடி அளப்பார்கள். எவருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு வரி என்று எழுதிக்கொள்வார்கள். வடிவக்கணிதமே இப்படித்தான் பிறந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார்.

அதே நேரத்தில், அதே ஈர வண்டலில், இந்தப் பறவையும் இறங்கியிருக்கும். ஓரடி நடப்பது, அலகைப் பதிப்பது, மறுபடி ஓரடி. எகிப்தியர் தங்கள் எழுத்தின் தெய்வமான தோத்துக்கு அரிவாள் மூக்கனின் தலையைக் கொடுத்தார்கள். தோத் எழுத்துக்கு மட்டும் உரியவரல்ல. கணக்கு, அளவை, நாள்காட்டி, நிலவு எல்லாம் அவர் பொறுப்பு. வளைந்த அலகு பிறைநிலவை நினைவூட்டியதால் இந்தத் தொடர்பு வந்தது என்று சொல்வோர் பலர். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. நிலத்தை அளக்க வரும் எழுத்தர் ஒருபுறம், அதே நிலத்தில் அடியடியாக நடந்து குறியிட்டுப் போகும் பறவை மறுபுறம். இரண்டையும் ஆண்டுதோறும் ஒரே வயலில் பார்த்த உழவர்களின் மனத்தில் எழுதுகோலும் அலகும் ஒன்றாகிவிட்டிருக்கும் என்றே நான் புரிந்துகொள்கிறேன். எகிப்திய ஆண்டின் முதல் மாதத்துக்கே தோத்தின் பெயர் வந்தது. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களின் நாள்காட்டியில் இன்றும் செப்டம்பரில் பிறக்கும் முதல் மாதம் தோத்தான்.

அவர்கள் இந்தப் பறவைகளை எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதற்குச் சான்று அவர்களுடைய சித்திர எழுத்திலேயே இருக்கிறது. மூன்று வகை அரிவாள் மூக்கன்களுக்கு மூன்று தனி உருவங்கள் உண்டு. கம்பத்தின் மேல் நிற்கும் புனித அரிவாள் மூக்கன் தோத்தைக் குறிக்கும். பிடரியில் நீண்ட இறகுகள் சிலிர்த்து நிற்கும் மொட்டைத்தலை அரிவாள் மூக்கன், இறந்தபின் ஒளிபெற்று நிலைக்கும் ஆன்மாவைக் குறிக்கும். பழுப்பு அரிவாள் மூக்கனின் உருவம் கண்டுபிடித்தல் என்ற வினையை எழுதப் பயன்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பறவை சேற்றில் என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் பார்த்து எழுத்தில் வைத்துவிட்டார்கள்.

ஓவியங்களில் தோத் வரும் இடங்களில் மிகவும் புகழ்பெற்றது இறந்தவரின் இதயத்தை எடைபோடும் காட்சி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 1250 வாக்கில் வரையப்பட்ட அனியின் பாப்பிரஸ் சுருளில் அதைக் காணலாம். தராசின் ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் நீதியின் இறகு. பக்கத்தில் மனித உடலும் பறவைத் தலையுமாக தோத் நின்று, கையில் எழுதுபலகையும் நாணல் எழுதுகோலுமாக முடிவைப் பதிவு செய்கிறார்.  நடந்ததை நடந்தபடி எழுதுவது அவர் வேலை. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் வேறொரு படைப்பு இருக்கிறது: பறவையின் உடலை வைக்கச் செய்த பெட்டி. மரத்தில் செதுக்கிப் பொன் தகடு போர்த்திய உடல், வெள்ளியில் தலையும் கால்களும், கண்ணுக்குப் படிகம். தாலமிகள் எகிப்தை ஆண்ட கி.மு. 305க்கும் கி.மு. 30க்கும் இடைப்பட்ட காலத்தது. கால்களை மடித்து உட்கார்ந்திருக்கும் விதத்தில் துளியும் பொய்யில்லை. செய்தவர் இந்தப் பறவையை உயிரோடு நெடுநேரம் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

வழிபாட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். தோத்திடம் வேண்டிக்கொள்ள வந்த பக்தர்களின் பெயரில், அரிவாள் மூக்கன்களைப் பதப்படுத்தித் துணி சுற்றி, மண்பானையில் வைத்து மூடி, நிலத்தடி அறைகளில் அடுக்கினார்கள். எகிப்தின் சக்காரா இடுகாட்டின் சுரங்க அறைகளில் மட்டும் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. தோத்தின் தலைநகரான ஹெர்மோபோலிஸின் இடுகாடு துனா எல்-கெபலில். அங்கேயும் லட்சக்கணக்கில் புதைத்தார்கள். சக்காராவின் சுரங்கங்களை 1960களில் வெளிக்கொணர்ந்தவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் வால்டர் எமெரி. பிரமிடுகளைத் தொடங்கிவைத்த கட்டடக்கலைஞர் இம்ஹோதெப்பின் கல்லறையை அவர் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தவை தரையிலிருந்து கூரைவரை அடுக்கிய பறவைப் பானைகள்.

அங்கேயே ஹோர் என்ற கோயில் பணியாளரின் குறிப்புகளும் பானை ஓடுகளில் கிடைத்தன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். தாம் கண்ட கனவுகளையும், அரசரிடம் சொன்ன ஆரூடத்தையும், பறவைக் கோயிலின் அன்றாட நிர்வாகத்தையும் எழுதிவைத்தவர். அறுபதாயிரம் பறவைகளுக்கான தீனியைப் பற்றி அவர் குறிப்பிடுகிறார். அதோடு, பணியாளர்கள் முறைகேடு செய்ததால் ஒரு பானையில் ஒரு தெய்வம்தான் இருக்கவேண்டும் என்று விதி கொண்டுவந்ததையும் பதிந்திருக்கிறார். அவருடைய கவலையின் காரணத்தை நம் காலத்து ஸ்கேன் கருவிகள் காட்டின. மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு 800க்கும் மேற்பட்ட எகிப்திய விலங்கு மம்மிகளை ஊடுகதிரில் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் முழு உடல் இருந்தது, மூன்றில் ஒரு பங்கில் உடலின் ஒரு பகுதி மட்டும், மீதியில் விலங்கே இல்லை. சேறு, நாணல் குச்சி, சில இறகு அவ்வளவுதான். அதே வேளையில் வேறு சில பறவை மம்மிகளின் இரைப்பையில் நத்தைகள் அப்படியே இருந்தன. இரைப்பையை இரையோடு விட்டுவைத்து, அடுத்த உலகத்திலும் பறவை பசியோடிருக்கக் கூடாது என்று நினைத்த மனிதர்களும் அதே பட்டறைகளில் வேலை செய்திருக்கவேண்டும்.

இத்தனை லட்சம் பறவைகள் எங்கிருந்து வந்தன? பண்ணை வைத்து வளர்த்திருப்பார்கள் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாலி வாசெப் குழு, ஏறத்தாழ 2,500 ஆண்டுப் பழமையான மம்மிகளிலிருந்து 14 பறவைகளின் முழு மைட்டோகாண்டிரிய மரபணுத் தொகுதியைப் பிரித்தெடுத்து 2019இல் வெளியிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் அடைத்து வளர்த்திருந்தால் மரபணு வேறுபாடு குறுகியிருக்கவேண்டும். அப்படிக் குறுகவில்லை. இன்றைய காட்டுப் பறவைகளில் உள்ள அளவு வேறுபாடு அவற்றிலும் இருந்தது. பிரான்சின் லியோன் நகர அருங்காட்சியகத்தில் உள்ள பறவை மம்மிகளின் வேதி ஐசோடோப்புகளை அளந்த 2020ஆம் ஆண்டு ஆய்வும் அவை காட்டில் திரிந்து இரை தின்றவை என்றே சொன்னது. சதுப்பிலிருந்து பிடித்தோ, கோயில் அருகே தீனி போட்டு வரவழைத்தோ, கொஞ்ச காலம் வைத்திருந்து கொன்றிருக்கிறார்கள். பல நூற்றாண்டுகள் இப்படிப் பிடித்தும் பறவை அற்றுப்போகவில்லை. அந்தச் சதுப்பு எவ்வளவு வளமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த மம்மிகளுக்கு அறிவியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு, அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது உடன் சென்ற அறிஞர்களில் ஒருவர் எத்தியேன் ஜெஃப்ராய் செயின்ட்-ஹிலேர். அவர் பாரீசுக்குக் கொண்டுவந்த அரிவாள் மூக்கன் மம்மிகளை பிரெஞ்சு உயிரியலாளர் ஜார்ஜ் கூவியே பிரித்து, எலும்பு எலும்பாக அளந்தார். அதுவரை எகிப்தியரின் புனிதப் பறவை எது என்பதிலேயே குழப்பம் இருந்தது. மஞ்சள் அலகு நாரை ஒன்றைத்தான் அந்தப் பறவை என்று எண்ணி உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், அரிவாள் மூக்கனைக் குறிக்கும் ஐபிஸ் என்ற பெயரை அதற்கு இட்டிருந்தார். கூவியே அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். பிறகு ஒரு பெரிய வாதத்தை வைத்தார்: இரண்டு மூவாயிரம் ஆண்டுக்கு முன் செத்த பறவையின் எலும்பும் இன்றைய பறவையின் எலும்பும் ஒன்றாகவே இருக்கின்றன, ஆகவே உயிரினங்கள் மாறுவதில்லை. உயிரினங்கள் மாறுகின்றன என்று சொல்லிவந்த லமார்க்குக்கு எதிரான வாதம் அது. லமார்க் 1809இல் தம் நூலில் பதில் சொன்னார். எகிப்தின் தட்பவெப்பம் அந்தக் காலத்தில் மாறவில்லை, சூழல் மாறாதபோது பறவை ஏன் மாறவேண்டும் என்று கேட்டார். பூமியின் வயதோடு ஒப்பிட்டால் சில ஆயிரம் ஆண்டு மிகச் சிறிய காலம் என்பதும் அவர் வாதம். டார்வின் நூல் வெளிவர அப்போது இன்னும் 50 ஆண்டு இருந்தது. அந்த நேரத்தில் பொதுக்கருத்து கூவியேயின் பக்கம் சாய்ந்தது. இன்று பார்க்கும்போது அளவெடுத்ததில் கூவியே சரி, அந்த அளவுக்குப் பொருள் சொன்னதில் லமார்க்கே உண்மைக்கு அருகில் நின்றார்.

சூழல் மாறாதவரை என்று லமார்க் சொன்னதன் மறுபக்கம் அடுத்த சில பத்தாண்டுகளிலேயே நடந்தது. எகிப்தை அப்போது ஆண்ட முகம்மது அலியின் ஆட்சியில், 1820களிலிருந்து, நீண்ட இழைப் பருத்திக்காக நைல் டெல்டாவில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. சதுப்புகள் வடிக்கப்பட்டு வயலாயின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புனித அரிவாள் மூக்கன் எகிப்திலிருந்து மறைந்துவிட்டது. எழுத்தர்கள் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸ் கோரையும் அங்கே ஏறத்தாழ இல்லாமற்போனது. எழுத்தின் பறவையும் எழுத்தின் தாளும் ஒரே சதுப்பில் வளர்ந்தவை. லட்சக்கணக்கில் பலியிட்ட காலத்தைத் தாண்டி நின்ற பறவை, சதுப்பு போனதைத் தாண்டவில்லை.

தமிழ் நிலத்தில் இந்தப் பறவைகள் வேறு விதமாக மனத்தில் பதிந்தன. சங்கப் பாடல்களில் பனைமரத்தில் கூடு கட்டி, துணையைப் பிரிந்தால் இரவெல்லாம் கூவும் அன்றிலைப் பல ஆய்வாளர்கள் அரிவாள் மூக்கன் என்கிறார்கள். குறுந்தொகையின் 160ஆம் பாட்டு அதன் தலையை நெருப்புக்கும் அலகின் வளைவை இறாலுக்கும் ஒப்பிடுகிறது. சிவந்த உச்சியும் வளைந்த அலகும் உரத்த குரலும் சேர்ந்து வருவது கருப்பு அரிவாள் மூக்கனிடம்தான். வெள்ளை அரிவாள் மூக்கன் பெரும்பாலும் குரலே எழுப்பாது. ஒரு சிக்கல் இருக்கிறது: அதே நூலின் 301ஆம் பாட்டில் அன்றிலின் கால் கருப்பு. கருப்பு அரிவாள் மூக்கனின் கால் செங்கல் நிறம். இதை வைத்து வாதம் தொடரலாம், தொடரட்டும். எகிப்தியர் அலகைப் பார்த்து எழுத்தைக் கண்டார்கள், தமிழ்ப் புலவர்கள் குரலைக் கேட்டுப் பிரிவைக் கண்டார்கள். கூடு, குச்சி, மடல், அலகு என்று ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்ததில் இரு கூட்டமும் ஒன்றுதான்.

கோயில் மரபிலும் நீர்ப்பறவைக்கு இடம் இருக்கிறது. மதுரைத் திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் என்று ஒரு பகுதி உண்டு. அந்தக் கதை தொடங்குவதே வறட்சியில்தான். வாழ்ந்த குளம் வற்றியதால் நாரை ஊர் விட்டு வேறு நீர்நிலைக்குப் போகிறது. அங்கே முனிவர்கள் பேசக் கேட்டு மதுரைக்கு வந்து, பொற்றாமரைக் குளத்து மீனைத் தின்ன மனமின்றி வணங்கி நிற்கிறது. பக்தியை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், குளம் வற்றினால் நீர்ப்பறவை எத்தனை தூரமானாலும் இடம்பெயரும் என்ற கண்ணாரக் கண்ட செய்தி அதில் இருக்கிறது.

பாகலூர்ப் பக்கத்து அரிவாள் மூக்கன்களும் தண்ணீரைத் தொடர்ந்து வந்தவைதான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரமுள்ள இந்த மேட்டு நிலம் மழையையும் ஏரிகளையும் நம்பியது. கேழ்வரகு விளைந்த பூமி. நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் தென்பெண்ணை, பாகலூருக்கு அருகே கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை.  பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீர் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. அதாவது நகரத்தின் கழிவுநீர் ஆண்டு முழுவதும் இங்கே ஓடி வருகிறது. அணையின் மதகுகளைத் திறக்கும்போது நுரை மலைபோல் பொங்கி ஆற்றை மூடும் படங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள்.

பறவையின் பக்கம் நின்று பார்த்தால் இது சிக்கலான கதை. கோடையிலும் காயாத சேறு கிடைத்திருக்கிறது. கழிவு கலந்த சேற்றில் ஆக்சிஜன் குறைவு, மீன் வாழாது. ஆனால் கொசுவை ஒத்த கைரோனோமிட் ஈயின் சிவந்த புழுக்களும் மெல்லிய சேற்றுப் புழுக்களும் அதில்தான் மிகுந்து பெருகும். மண்ணுக்குள் அதிர்வைத் தேடும் அலகுக்கு அது நிறைந்த பந்தி. கண்ணால் மீன் பிடிக்கும் பறவைகள் கலங்கிய நீரைவிட்டு விலகினாலும், அரிவாள் மூக்கன் தங்கிவிடும். ஆற்றில் பறவை நிறைய இருக்கிறதே, ஆறு நன்றாகத்தானே இருக்கிறது என்று எவராவது சொன்னால், அங்கே எந்தப் பறவை நிறைய இருக்கிறது என்று கேளுங்கள். தொழிற்சாலைக் கழிவின் கன உலோகங்கள் நீரைவிட வண்டலில்தான் அதிகம் படிகின்றன. வண்டலைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் பறவை என்று அவை ஏறும். அதே நீர் பாய்ந்த வயலின் கீரையும் கோஸும் ஓசூர்ச் சந்தை வழியே பெங்களூருக்கே திரும்பிப் போகின்றன.

நீரின் போக்கு மாறினால் இந்தப் பறவைக்கு என்ன ஆகும் என்பதன் முன்னோட்டம் ஆஸ்திரேலியாவில் நடந்து முடிந்திருக்கிறது. அங்குள்ள வெள்ளை அரிவாள் மூக்கனும் இதே பேரினம். உள்நாட்டுச் சதுப்புகளுக்குப் போகவேண்டிய ஆற்றுநீர் பாசனத்துக்குத் திருப்பப்பட்டு, வறட்சியும் சேர்ந்தபோது, 1970களிலிருந்து அவை சிட்னி போன்ற கடலோர நகரங்களுக்கு வந்து குப்பைத் தொட்டியைக் கிளறிப் பிழைக்கத் தொடங்கின. மக்கள் அதைக் குப்பைக் கோழி என்று ஏளனமாகக் கூப்பிடுகிறார்கள். பிரான்சில் ஒரு விலங்குப் பூங்காவிலிருந்து வெளியேறிப் பெருகிய எகிப்தின் புனித அரிவாள் மூக்கனை, 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. நைல் டெல்டாவில் இல்லாத பறவை பிரான்சில் சுடப்படுகிறது.

நம்மிடம் இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. வேடந்தாங்கலில் வெள்ளையர் படைவீரர்கள் நீர்ப்பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். காரணம் மிகத் தெளிவானது. நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கரைந்து வயலுக்கு உரமாகும் என்று அந்த உழவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் அங்கே நத்தைகுத்தி நாரைகளோடும் கரண்டிவாயன்களோடும் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

பாகலூரைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் தூர்வாரும் திட்டங்கள் வருகின்றன. தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியும் வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் பொக்லைன் இறங்கினால் ஏரியைக் கிண்ணம்போல் செங்குத்தாக வெட்டி, கரையைச் சுற்றிக் கல் பதித்து, நடைபாதை போட்டு முடித்துவிடுகிறார்கள். நீர் அதிகம் நிற்கும், ஓரச் சேறு இருக்காது. ஒரு சாணுக்கு மேல் ஆழமான நீரில் அரிவாள் மூக்கனுக்கு வேலையில்லை. மதகின் பக்கம் ஆழப்படுத்திவிட்டு, நீர் உள்ளே வரும் பக்கத்தை மட்டும் சரிவாக விட்டுவைத்தால் போதும். நீர் வற்ற வற்ற அந்தச் சரிவில் நாளுக்கு நாள் புதிதாக ஈரச் சேறு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை வேரோடு பிடுங்காமல் சிலவற்றையாவது விடவேண்டும், கூடு கட்டவும் இரவில் அடையவும் அவைதான் இடம். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. அடுத்த முறை உங்கள் ஊராட்சியில் ஏரி வேலைக்கு வரைபடம் போடும்போது, பொறியாளர் கிளம்பும் முன் அந்தச் சரிவு எந்தப் பக்கம் வருகிறது என்று கேளுங்கள்.